ஒரு இஞ்சும் வீணில்லை

எங்கள் கட்டடத்தில் என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. 'இஞ்ச் டேப்' என்று கேளுங்கள், மூன்றாவது மாடி, இடது பக்கம் என்று காவலாளிகூடக் கையைக் காட்டுவார். கிண்டலாக வைத்த பெயர்தான். ஆனால் கிண்டல் செய்கிற அதே ஆட்கள்தான் புது அலமாரி வாங்குவதற்கு முன்னால் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். அதனால் நான் கோபித்துக்கொள்வதில்லை.

வீடு என்று சொன்னால் ஒரே அறை, ஒருவர் திரும்பினால் இன்னொருவர் வெளியே வரவேண்டிய சமையலறை, ஒரு குளியலறை. அதில் நான், என் வீட்டுக்காரர், பள்ளிக்கூடம் போகும் மகள். பாத்திர மூடிகளை அலமாரிக் கதவின் உள்பக்கம் துண்டு மாட்டும் கம்பியில் செருகியிருக்கிறேன். பரணில் பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டி, அதற்குள் பை. குளியலறைக் கதவுக்குப் பின்னால் பன்னிரண்டு பை தைத்த துணித் தொங்கல். சீப்பு முதல் ஸ்க்ரூ டிரைவர் வரை அதில் இருக்கும். துணியை மடித்து அடுக்குவதும் கிடையாது, சுருட்டி நிறுத்துவேன். அடியில் இருப்பதை எடுக்க மேலே இருப்பதைக் கலைக்க வேண்டாம் பாருங்கள்.

கட்டிலும் சும்மா கட்டில் இல்லை. தச்சர் பக்கத்திலேயே நின்று, அவர் உயிரை வாங்கிச் செய்த பெட்டிக் கட்டில். மேல்பலகையைத் தூக்கினால் வீட்டில் பாதிச் சாமான் உள்ளே இருக்கும். கால்மாட்டில் எட்டு ஓட்டை போடச் சொன்னேன். காற்று போய்வந்தால் போர்வை முடைநாற்றம் அடிக்காது.

இந்த வீட்டுக்குத்தான் மூன்று மாதத்துக்கு முன்னால் என் அக்கா வந்தாள். மகன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பையோடு வந்து நின்றாள். "நாலு நாள் இருந்துட்டுப் போயிடறேன்டி" என்றாள். ஏன் வந்தாய் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நாலு நாள் நாலு வாரமாகி, அப்புறம் நாங்கள் எண்ணுவதையே விட்டுவிட்டோம். அவளுக்கு ஒரு இழுப்பறையைக் காலி செய்து கொடுத்தேன். இரவில் நானும் அவளும் மகளும் கட்டிலில், என் வீட்டுக்காரர் தரையில். அந்த மனுஷன் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை.

ஆனால் வீட்டு ஒப்பந்தத்தில் மூன்று பேர் என்றுதான் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு ஆள் தங்கினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

அன்று காலை, வீட்டுக்காரர் வேலைக்கும் மகள் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, பத்தே முக்காலுக்கு போன் அடித்தது. வீட்டு உரிமையாளரின் மேனேஜர்.

"கீழ கேட்லதான்மா நிக்கிறேன். தண்ணி பத்தலன்னு ஒரே புகார். எந்த வீட்டுல எத்தனை பேர் இருக்காங்கன்னு நேர்ல பாக்கச் சொல்லியிருக்காங்க. முதல் மாடிய அப்புறம் பாத்துக்கறேன், ரெண்டாவது மாடிய முடிச்சிட்டு வரேன், ஒரு இருபது நிமிஷம்."

அக்கா குளியலறையிலிருந்து தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் வெளிய எங்கயாவது போயிடறேன்" என்றாள்.

எங்கே போவது? இருப்பது ஒரே படிக்கட்டு, அதில் அவர் ஏறிக்கொண்டிருக்கிறார். மொட்டை மாடிச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. எதிர்வீட்டுக்காரர்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். அக்கா மாட்டிக்கொண்டால் ஒன்று அவள் போகவேண்டும், இல்லாவிட்டால் நாலு பேரும் போகவேண்டும். இந்த வாடகைக்கு இந்த ஊரில் கோழிக்கூடுகூடக் கிடைக்காது.

முதலில் அவள் சாமானை மறைத்தேன். நாலாவது பல் தேய்க்கும் பிரஷ், துண்டு, மூக்குக் கண்ணாடி, முழங்கால் தைலம், வாசலில் செருப்பு. இழுப்பறையிலிருந்த துணியை அப்படியே அள்ளி மகளின் துணிக்கு அடியில் போட்டேன். கடிகாரத்தைப் பார்த்தேன். என் அக்காவை இந்த வீட்டிலிருந்து அழிக்க ஆறு நிமிஷம் போதுமாக இருந்தது. எனக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது, ஆனால் கூச்சப்பட நேரமில்லை.

இனி அவளை ஒளிக்கவேண்டும். அப்போதுதான் உறைத்தது. கதவுக்குப் பின்னால் நிற்கலாமென்றால் அங்கே தொங்கல். பரணில் பெட்டி. அலமாரியில் ஒரு பூனை நுழைய இடமில்லை. குளியலறைக்குள் குழாயைப் பார்க்க அவர் கண்டிப்பாகப் போவார். எந்த இடத்தையும் வீணாக்கமாட்டேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவளின் வீட்டில் ஒரு மனுஷியை நிறுத்த மூலை இல்லை.

கட்டிலைப் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள்.

"நான் என்ன போர்வையாடி?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

உள்ளே இருந்த போர்வைகளை வாஷிங் மெஷினில் திணித்தேன். மிச்சத்தைச் சுவரோரம் அடுக்கி மேலே விரிப்பைப் போட்டேன், பார்க்க திண்டு மாதிரி இருந்தது. ஓட்டைகளை மறைத்த செருப்புத் தட்டை நகர்த்தினேன். அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது, முழங்கால் மடங்காது. ஒரு காலை வைத்து, கட்டில் விளிம்பைப் பிடித்து, "அம்மா, அம்மா" என்று முனகிக்கொண்டே படுத்தாள். தலையை ஓட்டைப் பக்கம் வைக்கச் சொன்னேன்.

"முடியலன்னா பலகையத் தட்டுக்கா. யார் இருந்தாலும் தொறந்துடுவேன்."

"சரி, மூடு."

பலகையை இறக்கி மெத்தையைப் போடுவதற்கும் அழைப்பு மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது.

மேனேஜர் நல்ல உயரம், கையில் பைல், தோளில் கனமான பை. குழாயைத் திறந்து மூடினார். பிரஷை எண்ணினார். செருப்பை எண்ணினார். நான் எதிர்பார்த்ததெல்லாம் வரிசையாகச் செய்தார். பிறகு பையைக் கழற்றித் தரையில் வைத்தார், சரியாக அந்த எட்டு ஓட்டைக்கு முன்னால்.

"தரை ஈரம் சார்" என்று பையை எடுத்து நாற்காலியில் வைத்தேன்.

நாற்காலியில் பை இருந்ததால் அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம். அக்காவின் முழங்கால்.

"என்னம்மா சத்தம்?"

"பிளைவுட் சார். வெயில் ஏறினா விரியும்."

அவர் குனிந்து பார்த்தார். "ஓ, பெட்டிக் கட்டிலா? நானும் ஒண்ணு செய்யணும்னு பாத்துட்டிருக்கேன். கொஞ்சம் தொறந்து காட்டுங்களேன்."

"தொறக்கலாம் சார். ஆனா உள்ள பாச்சை உருண்டை போட்டிருக்கேன். தொறந்தா ரெண்டு மணி நேரம் வீட்டுல நிக்க முடியாது."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சொன்ன மறு வினாடி எனக்கு நினைவுக்கு வந்தது, அது பொய் இல்லை. தலைமாட்டு மூலையில் ஒரு துணி முடிச்சில் பாச்சை உருண்டை கட்டிப் போட்டிருந்தேன். போர்வையை எடுத்த அவசரத்தில் அதை எடுக்க மறந்துவிட்டேன். அந்த நாற்றத்தைச் சுவாசித்துக்கொண்டு என் அக்கா உள்ளே கிடக்கிறாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். தன் வீடும் இப்படித்தான் என்றார். மனைவி சாமானை வாங்கிக் குவிக்கிறாள் என்றார். ஒவ்வொரு வாய் தண்ணீருக்கும் ஒரு குறை சொன்னார். தம்ளரைப் பிடுங்கி அவர் வாயில் ஊற்றிவிடலாமா என்று இருந்தது. என் காது முழுக்கப் பலகையில்தான் இருந்தது. தட்டவில்லை. தட்டாதது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் நான் செத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பைலைத் திறந்தார். 'மூன்று பேர்' என்று எழுதினார். என் கையெழுத்தை வாங்கினார். பையை மாட்டிக்கொண்டு, "சரிம்மா, நான் கிளம்பறேன்" என்று வாசல்வரை போனார்.

அதோடு முடிந்திருக்கவேண்டும்.

செருப்பைப் போட்டுக்கொண்டே உள்ளே திரும்பிப் பார்த்தார். "எல்லாம் பிரமாதமா வெச்சிருக்கீங்க. உங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். ஆனா அந்த பிரிட்ஜ் பக்கம் அஞ்சு இஞ்ச் இடம் வீணாப் போகுது பாருங்க."

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? ஆமாம் சார் என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கவேண்டும். பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் வீண் என்ற சொல் என் மூக்கின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது.

"வீணா? உள்ள வாங்க சார், காட்டறேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி வந்தார். பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து என் சக்கரத் தட்டை இழுத்தேன். நாலரை இஞ்ச் அகலம், ஐந்து அடுக்கு, பருப்பு டப்பாவெல்லாம் வரிசையாக வெளியே உருண்டு வந்தது. அவர் "அடேங்கப்பா!" என்றார். அந்த 'அடேங்கப்பா' எனக்குள் என்ன செய்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூடி மாட்டும் கம்பியைக் காட்டினேன். கத்திகள் ஒட்டி நிற்கும் காந்தப் பட்டையைக் காட்டினேன். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போட்டால் கிழங்கு சீக்கிரம் முளைக்கும், அதனால் தனித்தனியாக இங்கே, இங்கே என்று விளக்கினேன். அவர் போனை எடுத்து மனைவிக்காகப் படம் பிடித்தார். வெளிச்சம் சரியாக விழவில்லை என்று சமையலறை விளக்கைப் போட்டு, தட்டை இன்னொரு முறை இழுத்துக் காட்டியதும் நான்தான்.

அவர் போய்க் கதவைச் சாத்தியபோதுதான் எனக்குச் சுரணை வந்தது. கடிகாரத்தில் பதினொரு நிமிஷம் கூடுதலாக ஓடியிருந்தது.

மெத்தையை இழுத்துத் தள்ளிப் பலகையைத் தூக்கினேன். பாச்சை உருண்டை நாற்றம் முகத்தில் அடித்தது. அக்கா வியர்வையில் நனைந்து கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அந்த ஒரு கணத்தில் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்குளில் கை கொடுத்துத் தூக்கி விளிம்பில் உட்காரவைத்தேன். தண்ணீரைக் குடித்தாள், பாதியை மேலே கொட்டிக்கொண்டாள்.

"நல்லபடியா முடிஞ்சுதுக்கா. மூணு பேருன்னு எழுதிக்கிட்டார்."

அக்கா தம்ளரைக் கீழே வைத்தாள். அவள் விரல் முட்டிகள் சிவந்திருந்தன.

"தட்டினேன்டி" என்றாள். "ரெண்டு தடவ. நீ வெங்காயத்தப் பத்திப் பேசிட்டிருந்த."

அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"அவர் கிளம்பறேன்னு சொன்னப்ப அப்பாடான்னு இருந்துச்சு. நீதானே கூப்பிட்ட."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. மூச்சு வாங்கிக்கொண்டு, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மகன் வீட்டுல என்னைப் பால்கனியிலதான் படுக்க வெச்சிருந்தாங்க. உன்கிட்டச் சொல்ல வெட்கமா இருந்துச்சு. மழை பேஞ்சாத்தான் கஷ்டம். மத்தபடி காத்தாவது வந்துச்சு."

நான் செருப்புகூடப் போடவில்லை. படியில் இறங்கி ஓடினேன். மேனேஜர் முதல் மாடியில் ஒரு வீட்டு வாசலில் நின்று மணியை அழுத்திக்கொண்டிருந்தார்.

"சார், எங்க வீட்டுல நாலு பேர்."

"இப்பதானேம்மா மூணுன்னு கையெழுத்துப் போட்டீங்க?"

"பொய் சொன்னேன். நீங்க உக்காந்திருந்தீங்களே, அந்தக் கட்டிலுக்குள்ள என் அக்கா இருந்தா."

அவர் கை மணியிலிருந்து இறங்கியது. "உள்ளயா? அவ்வளவு நேரமுமா?"

"நீங்க இருந்தது கொஞ்ச நேரந்தான் சார். மிச்ச நேரம் நான் இழுத்தது."

அவர் பைலைத் திறந்து, எழுதியிருந்ததை அடித்துவிட்டு நாலு என்று எழுதினார். "நோட்டீஸ் வரும்மா. என் கையில ஒண்ணும் இல்ல. ஒரு மாசம் டைம் குடுப்பாங்க" என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது. "வரட்டும் சார்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன். ஏறும்போதுதான் வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது, மகளின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு கிடைக்குமா என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பயமாகத்தான் இருந்தது.

மேலே வந்து பார்த்தால் அக்கா வாஷிங் மெஷினிலிருந்து போர்வைகளை எடுத்து, கட்டில் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். பாச்சை உருண்டை முடிச்சைக்கூட மூலையில் சரியாக வைத்திருந்தாள். அவளுடைய பை, கட்டி முடித்து வாசல் பக்கத்தில் இருந்தது.

"எங்க ஓடின?" என்றாள்.

"அவர்கிட்ட சொல்லிட்டேன். நோட்டீஸ் வருமாம். ஒரு மாசத்துக்குள்ள வேற வீடு பாக்கணும்."

"பைத்தியமாடி உனக்கு? நான்தான் சாயங்காலம் அவன் வீட்டுக்கே போயிடலாம்னு இருந்தேனே. உங்க மூணு பேருக்கு இது போதுமே."

"மூணு பேருக்கு இல்லக்கா" என்றேன். "நாலு பேருக்குப் பாக்கறேன். உனக்கு ஒரு கட்டில் போடற மாதிரி."

பெட்டிக்குள் கிடந்தபோது அழாதவள், பால்கனியைப் பற்றிச் சொன்னபோதும் அழாதவள், கையிலிருந்த போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள்.