திருப்பிப் போட்ட தாடை

என் அண்ணனுக்குக் கோபம் மூக்குக்கு மேல். எனக்கும் குறைவில்லை. ஒரே கல்லூரியில் பல் மருத்துவம் படித்து, இப்போது ஒரே துறையில் அவன் தலைவர், தங்கை நான் அவனுக்குக் கீழே. எங்களை ஒரு கூரையின் கீழ் வேலைக்கு வைத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை.

அன்று விடுமுறை. துறையில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். வலது கன்னம் வீங்கிக் கழுத்துவரை சிவந்துபோய் ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். வாய் ஒரு விரலுக்கு மேல் திறக்கவில்லை. போன வருடம் அண்ணன்தான் அவருடைய கீழ்க் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கி, குழியில் தான் தயாரித்த எலும்புப்பொடியை வைத்தான். அந்தப் பொடி எலும்பை வளர்க்கிறது என்று நாங்கள் இருவரும் பெயர் போட்டு வெளியிட்ட கட்டுரையில் இவர் தாடைதான் முதல் படம்.

எக்ஸ்ரே எடுத்தேன். வளர்ந்த எலும்பைக் காணோம். இருந்த எலும்பும் அரித்துப்போயிருந்தது. கட்டுரைப் படத்தைத் திரையில் பக்கத்திலேயே திறந்தேன். அதில் குழி ஜோராக மூடியிருந்தது. ஆனால் அடுத்த பல்லில், ஓரம் லேசாகத் துருத்திக்கொண்டு ஒரு சொத்தை அடைப்பு. அது நான் அடைத்தது. என் கைவேலை எனக்குத் தெரியாதா? அதை அடைத்தது அவருடைய இடது பக்கத்தில். அங்கே என்றைக்கோ போன ஒரு பல்லின் இடம் தானாகவே ஆறியிருந்தது. அந்த இடது தாடையைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட்டு வலது என்று அச்சேற்றியிருக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

யாரோ சந்தேகம் கிளப்பியதால், படங்கள் அசல்தானா என்று கட்டுரை எழுதியவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்று பத்திரிகை கேட்டிருந்தது. அவன் சொல்லிவிட்டான். நானும் ஆமாம் என்றுவிட்டால் அந்தப் பொடி இன்னும் எத்தனை வாய்களுக்குள் போகுமோ.

சீழை எடுக்கக் கத்தி வேண்டும். டிராயருக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டே சொன்னேன்: "படம் பொய்னு எழுதப்போறேன் அண்ணா."

"உளறாதே. ஒரு படம்தானே? மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு."

"இந்த ஆளு செத்தா அதையும் திருப்பிப் போடுவியா?"

என் கன்னத்தில் அறை விழுந்தது. காது கொய்யென்றது. நான் இடது கையால் அவன் மூக்கில் குத்தினேன். வயது நாற்பதைத் தாண்டியும் எங்களுக்குப் புத்தி வரவில்லை. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே அவன் டிராயரை இடுப்பால் ஓங்கித் தள்ளினான். என் வலது கை உள்ளேதான் இருந்தது. இரண்டு விரல்கள் முறியும் சத்தம் எனக்கே கேட்டது.

நாற்காலியில் கிடந்த ஓட்டுநர் எழுந்து அண்ணனின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார். அண்ணனின் கண்கள் பிதுங்கின. எனக்கு அது போதவில்லை என்றே தோன்றியது. அப்புறம் அவருக்கே மூச்சு இழுத்தது. வீக்கம் தொண்டைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"அவனை விடுங்க" என்றேன். "என் கை போச்சு. உங்களுக்குக் கத்தி வைக்க அவன்தான் இருக்கான்."

அவர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க பக்கத்துலயே நில்லுங்க டாக்டரம்மா" என்று பல்லிடுக்கில் சொல்லிவிட்டுப் படுத்தார். அண்ணனின் சட்டைக் காலரை மட்டும் விடவில்லை.

மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்கவில்லை. அண்ணன் தாடைக்குக் கீழே கீறினான். அவர் உறுமி, காலரை முறுக்கினார். நெற்றியோடு நெற்றி முட்டும் தூரத்தில் அண்ணன் வேலை பார்த்தான். சீழ் பீறிட்டு அவன் முகத்தில் அடித்தது. கூடவே வெள்ளை வெள்ளையாகப் பொடி வந்தது, வைத்தது வைத்தபடி. அதைத் தட்டில் வழித்துப் போடும்போது அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

ஓட்டுநரின் மூச்சு சீரானது. பெரிய மருத்துவமனைக்கு வண்டி சொன்னேன். நான் இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகப் பத்திரிகைக்கான பதிலைத் தட்டத் தொடங்கினேன். முறிந்த விரல்கள் கத்திரிக்காய் போலக் கறுத்து வீங்கியிருந்தன.

அண்ணன் முகம் கழுவிவிட்டு வந்தான். குரல் இறங்கியிருந்தது.

"அம்மா கேட்டா, கை தானா டிராயர்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடு."

அழக்கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. அழுதுகொண்டே பதிலை அனுப்பினேன்.