இரண்டாவதாகப் பார்த்தவர்

அந்தப் பறவையின் குரலை மட்டும் பதினோரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். மழைக்காட்டில் தரையோடு தரையாக ஓடி ஒளியும். ஒருவர் மட்டும் பார்த்ததாகச் சொன்னால் எங்கள் பறவை ஆர்வலர் சங்கம் ஏற்காது. கூட இன்னொருவரும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகத்தான் என் தம்பியைக் கேமராவோடு கூட்டிப்போனேன்.

மூன்றாம் நாள் காலையில், ஓடைக்கரைப் புதரடியில் அது வந்து நின்றது. சிவந்த அலகு, கண்ணைச் சுற்றி நீல வளையம். ஏழே விநாடி. முள் குத்திக் கட்டுப் போட்டிருந்த விரலை நீட்டிக் காட்டினேன்.

"பார்த்தியாடா?"

"எங்கக்கா? எலி ஓடுச்சு. நீ ஆசையில எதைப் பார்த்தாலும் அதுன்னுதான் சொல்லுவ."

அவன் பேச்சை நம்பி, குறிப்பேட்டில் எழுதியதை நானே அடித்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நேற்று சங்க அலுவலகத்தில், பறவை அதுதானா என்று பார்த்துச் சொல்லும்படி ஒரு படத்தையும் படிவத்தையும் என் மேஜையில் வைத்தார்கள். சிவந்த அலகு, நீல வளையம், அச்சு அசல். ஓரத்தில் மங்கலாக, கட்டுப் போட்ட ஒரு விரல். அந்த விரலுக்குக் கட்டுப் போட்டுவிட்டதே அவன்தான்.

போன் செய்தேன். "அன்னிக்கு எலின்னியேடா?"

"கோச்சுக்காதக்கா. உன் பேரையும் போட்டிருக்கேன், பாரு."

படிவத்தைத் திருப்பினேன். முதலில் பார்த்தவர், அவன். இரண்டாவதாகப் பார்த்தவர், நான். என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தான்.

பறவை பொய் இல்லையே. போட்டேன்.