கண்டம் ஆன எட்டு கம்ப்யூட்டர்

எட்டு கம்ப்யூட்டர்களும் டெம்போவிலிருந்து இறங்கியதும் என் வீட்டுக்காரர் தர்மராஜ் முதலில் தேடியது தராசைத்தான். சதுரங்கப்பட்டினத்தில் எங்களுடையது பழைய இரும்புக் கடை. ஏதோ ஓர் ஆபீசில் இனி உதவாது என்று கண்டம் செய்து ஏலம் விட்டதை எடுத்து வந்திருந்தார். உடைத்துச் செம்பு தனி, தகரம் தனி என்று பிரித்து ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸ் லாரியில் ஏற்றிவிடுவது அவர் திட்டம். நான் குறுக்கே நின்றேன். கல்யாணத்துக்கு முன் செங்கல்பட்டில் ஆறு மாதம் ஹார்டுவேர் கோர்ஸ் படித்தவள் நான். அந்த சர்டிபிகேட் ஒன்பது வருடமாகப் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. இவற்றுக்கு உயிர் வந்தால் முன் அறையில் வீடியோ கேம்ஸ் கடை வைப்பேன். வராவிட்டால் கடைசிவரை தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழைய பேப்பர் கட்ட வேண்டியதுதான்.

"லாரி வர்றதுக்குள்ள எது ஓடுதோ அது உனுது. மீதி எடைக்குப் போவும்" என்றார்.

"அதுவரிக்கும் நீ சுத்தியலத் தொடக் கூடாது" என்றேன்.

திறந்தால் உள்ளே வருடக்கணக்கான தூசி, பல்லி முட்டை. மதர்போர்டுகளைக் கழற்றி, பழைய பல் பிரஷ்ஷில் சோப்பு தொட்டுத் தேய்த்து, எட்டையும் கிணற்றடியில் கழுவினேன். நன்றாகக் காய்ந்தால் ஒன்றும் ஆகாது என்பது கோர்ஸில் படித்தது. இரண்டு நாள் மாடியில் காயவைத்து முதல் போர்டுக்குக் கரண்ட் கொடுத்தேன். சுர்ரென்றது, பொசுங்கியது. அடுத்ததும் அப்படியே. உற்றுப் பார்த்தால் முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. இந்தக் கிணற்றுத் தண்ணீரில் குளித்துத் துவைத்துப் பழகியதில் அது உப்புத் தண்ணீர் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. தர்மராஜ் பொசுங்கிய இரண்டையும் எடுத்துப்போய்த் தராசில் வைத்தார். அதற்குப் பதில் என்னைத் திட்டியே இருக்கலாம்.

மிச்சம் ஆறையும் வேட்டித் துணியில் சுற்றி, பஸ் மாறி மாறி மதுராந்தகம் போனேன். அங்கே அக்கா சுஜாதா வீட்டுக் குழாயில் நல்ல தண்ணீர். பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் குளிப்பாட்டுகிறாயே என்று கேலி செய்தாள். செய்யட்டும். மறுபடி அலசி, கடல் காற்று படாத அவள் மாடியில் இரண்டு நாள் வெயிலில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் வீடு திரும்பும்போது லாரி வந்திருந்தது. என் கம்ப்யூட்டர் பெட்டிகளும் மானிட்டர்களும் இரும்புக் குப்பையோடு மேலே ஏறிவிட்டிருந்தன.

"லாரி வந்து நின்னுகினு கீது. பேசினது இன்னா?" என்றார் தர்மராஜ்.

"வந்துச்சி, இன்னும் போவலியே. வயர இழுத்துக் குடு."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லாரியில் ஏறினேன். அவர் அசையவில்லை. டிரைவர் கண்ணாயிரம்தான் எங்கள் ஜன்னல் வழியாக வயரை இழுத்துத் தந்தார். துருப்பிடித்த கம்பிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு போர்டைப் பெட்டிக்குள் பொருத்தி, ஸ்விட்சைத் தட்டினேன். ஒன்றுமில்லை. கீழே யாரோ சிரித்தார்கள். அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைப் பொருத்தினேன். விசிறி ஒரு தரம் திணறி, பிறகு சுற்றியது. மானிட்டர் மெல்ல வெளுத்து, கறுப்பில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஏறத் தொடங்கின.

கண்ணாயிரம் போய், ஓடிக்கொண்டிருந்த லாரி இன்ஜினை நிறுத்தினார். தர்மராஜ் தராசுப் பக்கத்திலேயே நின்றிருந்தார். என் மடியில் இன்னும் நாலு போர்டு இருந்தது.