நாற்பது சொட்டு

அந்த அறையில் யாரும் குரல் எழுப்பக் கூடாது என்பது டாக்டர் வீரராகவனின் உத்தரவு. ஒரு தகரக் குவளை உருண்டால் போதும், பாயில் கிடக்கும் பஷீருதீனின் உடம்பு வில்லாக வளைந்து, பின்தலையும் குதிகாலும் மட்டும் தரையில் நிற்கும். பூந்தமல்லியில் குதிரைகளுக்கு லாடம் அடிக்கிற மனிதர் அவர். எட்டு நாளைக்கு முன்னால் துருப்பிடித்த ஆணி ஒன்று வலது பாதத்தில் ஏறியது. இப்போது தாடை கட்டிக்கொண்டு ஜன்னி கண்டிருந்தது. ஜன்னலில் ஈரக் கோணி தொங்கியது. ஆஸ்பத்திரி ஆயா எல்லம்மா கண்ணாடி வளையல்களைத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தாள். அதே ஆஸ்பத்திரியில் வார்டு ஆளாக இருக்கும் அவள் புருஷன் லோகநாதன் கதவோரம் நின்றான்.

சர்க்கார் கஞ்சாவைப் பற்றி ஊர் ஊராக விசாரித்துக்கொண்டிருந்த வருஷம் அது. வீரராகவனுக்கும் கஞ்சா ஜன்னியைத் தளர்த்தும் என்று நம்பிக்கை. சாராயத்தில் ஊறவைத்து மருந்து இறக்கினார். எத்தனை சொட்டு கொடுக்கலாம் என்று பார்க்க, கஞ்சாவைத் தொட்டே அறியாத ஓர் ஆள் வேண்டும் என்றார். அவர் கேட்ட நேரம் பார்த்து எல்லம்மா பக்கத்தில் நின்றிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் புருஷன் கஞ்சா அடித்ததற்காகவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பருத்திப்பட்டில் தாய்வீட்டுக்குப் போய்விட்டவள், லோகநாதன் அம்மன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்த பிறகுதான் திரும்பி வந்தாள். இன்னொரு தரம் தொட்டால் பிள்ளையை மறந்துவிடு என்று சொல்லித்தான் வந்தாள். அவள் முன்னால் பேசாமல் நின்றால் இன்னும் அடிக்கிறான் என்று ஆகிவிடாதா? "எனக்கு அந்த வாடையே ஆவாது, டாக்டரய்யா" என்று லோகநாதன் முன்னால் வந்து நின்றான். ரயில்பாதை ஓரம் ஒளிந்து ஒளிந்து அடித்தவனுக்கு மூன்று வாரம் சர்க்கார் செலவில் கிடைத்தது. நாற்பது சொட்டிலும் நாடி நிதானமாக இருக்கிறது என்று டாக்டர் பூரித்துப்போய் நோட்டில் எழுதினார்.

இப்போது அந்த நோட்டைப் பார்த்துத்தான் கண்ணாடிக் குப்பியில் சொட்டு விட்டுக்கொண்டிருந்தார். பதினெட்டு. பத்தொன்பது.

"இத்தினி குடுக்கலாங்களா?" பஷீருதீனின் மனைவி வஹீதுன்னிசா மூச்சுக் காற்றிலேயே கேட்டாள். "அவரு வெத்தல கூட போட மாட்டாரு."

"லோகநாதனுக்கு நாற்பதுல ஒண்ணும் ஆகலையேம்மா."

லோகநாதன் குப்பியில் விழும் சொட்டுகளையே பார்த்தான். சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. செத்தாலும் ஜன்னியில் செத்தார் என்றுதான் சொல்வார்கள். அந்த நினைப்பு வந்ததே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. இருபத்தாறு. இருபத்தேழு. அவன் போய் டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"நான் சொன்னது பொய்யி. நான் கஞ்சா அடிக்கிறவன். எனுக்கு நாப்பது ஒண்ணுமே இல்ல."

யாராவது அடிக்கக் கை ஓங்கியிருந்தாலும், கத்தித் தீர்த்திருந்தாலும் தாங்கியிருப்பான். அந்த அறையில் ஒருவரும் கத்த முடியாது. எல்லம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பிறகு அதை எடுத்துவிட்டு, பக்கத்தில் வந்து, காதோடு கேட்டாள்.

"கடசியா எப்போ?"

"நேத்து."

அவள் நகர்ந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள்.

டாக்டர் நோட்டை மூடினார். பஷீருதீனின் பல் நறநறவென்று அரைபட்டது. அடுத்த இழுப்பை அவர் தாங்க மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"வேற மருந்து கிடையாது. என் கணக்கும் போச்சு. இந்த பாட்டில் என்ன வேகம்னு உனக்குத்தான் தெரியும். சொல்லு."

"பத்து சொட்டு ஒரு தம் மாரிங்கய்யா."

"பழகாதவனுக்கு? நீ முதல்ல குடிச்ச அன்னிக்கு எப்படி இருந்தது?"

எல்லம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான். "ரெண்டு தம்ல காலு துணியா தொவண்டுபூச்சு. மூணாவதுல மூச்சு உள்ள போவல. செத்தேன்னு நெனச்சேன்."

டாக்டர் வேறு குப்பியில் முதலிலிருந்து எண்ணினார். இருபதோடு நிறுத்தித் தண்ணீர் கலந்தார். ஒரு மெல்லிய குழாயால் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாக வழியவிட்டார். பாதி வெளியே ஒழுகியதோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. வஹீதுன்னிசா உதட்டசைவிலேயே ஓதிக்கொண்டிருந்தாள். வெளியே எங்கோ ஒரு மாட்டுவண்டி போனது. அது போய் முடிகிற வரையில் நான்கு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

"மருந்து புடிச்சா மொதல்ல எங்க தெரியும், அண்ணே?" என்றாள் வஹீதுன்னிசா.

"கால் வெரல்ல."

அவன் பாயின் ஓரம் குந்தினான். தொட்டால் இழுத்துக்கொள்ளும் என்பதால் கையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டான். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு பஷீருதீனின் விறைத்து நின்ற இடது கால் கட்டைவிரல் லேசாக அசைந்தது. தளர்கிறதா, அடுத்த இழுப்புக்கு முறுக்கிக்கொள்கிறதா?

டாக்டர் லோகநாதனைப் பார்த்தார். வஹீதுன்னிசா பார்த்தாள். சுவர்ப்பக்கம் நின்ற எல்லம்மாவும் திரும்பி, அவன் முகத்தையே பார்த்தாள். அவன் இன்னும் குனிந்து அந்த விரலுக்குக் கிட்டே போனான்.