திரும்ப வைக்காத முறை

எங்கள் கல்லூரியில் புள்ளியியல் தேர்வை எல்லோரும் எழுதுவதில்லை. ஒருத்தி எழுதினால் போதும். அவள் பாஸானால் வகுப்பே பாஸ்.

அந்த ஒருத்தியை கிரேஸ் எமிமாள் மேடம் கண்ணை மூடிக்கொண்டு கரண்டியால் எடுப்பார். பெரிய கரண்டி. இந்த வருஷம் அதில் நான் வந்தேன். மேடம் என் காது மடலை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"வெந்திருக்கும்," என்றார். அவருக்கே சந்தேகம்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டிலேயே என்னை அரைவேக்காடு என்றுதான் கூப்பிடுவார்கள். மட்டம் போட்டால் எனக்குப் பதில் 'உள்ளேன்' சொல்லி ப்ராக்ஸி கொடுக்கக்கூட இந்த வகுப்பில் எனக்கு ஒரு நாதி கிடையாது. இப்போது எல்லோருக்கும் நான் வேண்டுமாம்.

பக்கத்தில் உட்காரும் ஜெபசெல்வி அழுதாள். ஃபெயிலானால் வள்ளியூர் மாமா மகனுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள்.

"நான் ஒண்ணும் படிக்கலியேட்டி," என்றேன்.

"நீ படிக்க வேண்டாம். நாங்க ஒன்ன மாதிரி ஆயிருதோம்."

ஆனார்கள். மத்தியானத்துக்குள் வகுப்பு முழுக்க இடது கையால் எழுதியது. எனக்கு ஆகாத கத்தரிக்காயை எல்லோரும் டப்பாவிலிருந்து பொறுக்கிப் போட்டார்கள். என் ஜலதோஷமும் எல்லோருக்கும் வந்துவிட்டது. என் செருப்பு ஆறாம் நம்பர். ஜெபசெல்வி தன் எட்டாம் நம்பர் காலை ஆறில் நுழைத்துக்கொண்டு நொண்டினாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

தேர்வறைக்குப் போகும் வராந்தா என்னைப் பார்த்ததும் நீண்டது. பாதி வழியில் பியூன் டீ கொடுத்தார். குடித்துவிட்டு மறுபடி நடந்தேன்.

இரண்டே கேள்விகள். உன் செருப்பின் அளவைக் கொண்டு வகுப்பின் சராசரி அளவைக் கணிக்க. ஆறு என்று எழுதினேன். அடுத்தது, திட்டவிலக்கம் எவ்வளவு. அந்தச் சூத்திரம் எனக்குச் செத்தாலும் வராது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வெளியே எல்லோரும் ஒரே அளவுச் செருப்போடு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்கள். யாரும் யாரிடமிருந்தும் ஒரு நூல்கூட விலகவில்லை. பூஜ்யம் என்று எழுதினேன்.

பாஸ். வகுப்பே பாஸ். ஜெபசெல்வியைத் தூக்கிச் சுற்றினார்கள். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை நான் யாருக்கும் இவ்வளவு உபயோகப்பட்டதில்லை.

மறுநாள் என் இடத்துக்குப் போனேன். மேடம் வாசலில் கரண்டியைக் குறுக்கே நீட்டினார்.

"எங்க போற?"

"கிளாஸுக்கு, மேடம்."

"நசுக்கிப் பாத்த சோத்த யாராவது பானைக்குள்ள திரும்பப் போடுவாங்களா?"

மாதிரி எடுப்பதில் அதற்குத் திரும்ப வைக்காத முறை என்று பெயராம். இரண்டாம் அலகிலேயே நடத்தியாகிவிட்டதாம். அன்றைக்கு நான் மட்டம்.

என்னை ஜன்னலுக்கு வெளியே திண்டில் வைத்தார். போன வருஷத்து அக்கா ஒருத்தி அங்கே ஏற்கனவே இருந்தாள். நகர்ந்து இடம் கொடுத்தாள். ஒரு காகம் வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

உள்ளே அட்டெண்டன்ஸ் ஆரம்பித்தது. வருகை குறைந்தால் மூன்றாம் வருஷம் ஏற முடியாது. என் பெயர் வரும்போது கத்திவிடுவோம் என்று கையைத் தூக்கி வைத்திருந்தேன்.

"சண்முகவடிவு," என்றார் மேடம்.

"உள்ளேன், மேடம்."

வகுப்பு மொத்தமும் சொன்னது. இடது கையைத் தூக்கி, என் குரலில், என் மூக்கடைப்போடு. ஜெபசெல்வியின் கைதான் முதலில் எழுந்தது.

மேடம் குறித்துக்கொண்டார். அந்த வருஷம் எனக்கு நூறு சதவீத வருகை.