கிளி டாக்டர்

ஹுஸ்னா ஆராய்வது கிளியா செல்லை. மூளையில் நரம்பு செல்களுக்குத் துணை நிற்கும் செல் அது. லப்பைக்குடிக்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அவளுடைய அத்தா ஷஃபியுல்லா காதில் விழுந்ததோ ‘கிளி’ மட்டும்தான். “எம் பொண்ணு கிளிக்கு டாக்டரு” என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். மறுத்து மறுத்து அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். போன வாரம் ஒருவர், இறகு உதிர்கிற கிளியைக் கூண்டோடு தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

கரு வளரும்போது கிளியா செல்லில் ஒரு ஜீனை விழிக்கவைக்கும் சுவிட்ச், டி.என்.ஏ.வில் எங்கே இருக்கிறது? இதுதான் அவளுடைய கேள்வி. சந்தேகப்பட்ட துண்டோடு ஒளிரும் புரதத்தின் ஜீனை ஒட்டி, கோழிக்கருவின் மூளைக்குள் செலுத்துவாள். துண்டு சுவிட்சாக இருந்தால் கிளியா செல்கள் மட்டும் ஒளிரும். இதுவரை வைத்த முட்டையெல்லாம் இருட்டுத்தான்.

இன்று காலை, பெரம்பலூர் ஆய்வகத்தில், ஒளிர்ந்தது! கொடி ஏறக் கட்டிய கயிறுகள்போல நெடுநெடுவென்று கிளியா செல்கள். ஒரு கூச்சல் போட்டுவிட்டு அத்தாவை வீடியோ காலில் பிடித்தாள்.

“அத்தா, இதான் கிளியா! நல்லா பாருங்க!”

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். திரை முழுக்கப் பச்சை, பளீரென்ற இளம்பச்சை. சட்டென்று போனைக் கடையில் இருந்தவர்கள் பக்கம் திருப்பினார்.

“மாஷா அல்லாஹ்! நிறத்தைப் பாருங்கய்யா. கிளியே இல்லேன்னு இத்தன நாளா எங்கிட்ட சாதிச்சா!”

ஹுஸ்னா முதல் தடவையாக மறுக்கவில்லை.

“கிளியேதான் அத்தா!”