ஸ்டீரியோவில் வந்த குரல்

ஜப்பானின் ஹிமெஜி நகரசபைக் குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்த்த நுமாத்தாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் வெளியூர் ஆட்களோடு காற்றலையில் பேசும் ஹாம் ரேடியோதான். கூரைமேல் ஆண்டெனா, மேசையில் அவரே சாலிடர் வைத்துக் கட்டிய டிரான்ஸ்மிட்டர், சுவரில் கண்ணாடி போட்டு மாட்டிய அரசாங்க லைசென்ஸ்.

அடுத்த வீட்டு அக்குட்சு அம்மா இரண்டு முறை வந்து சொல்லிப் பார்த்தாள். “நீங்க பேசுறப்போ எங்க டிவியில கோடு கோடா விழுது, நுமாத்தா சான்.”

“என் செட்டுல ஒரு குறையும் இல்லம்மா. உங்க டிவி பழசு. கடைக்காரன்கிட்ட காட்டுங்க” என்று வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டார். டிரான்ஸ்மிட்டருக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவே ஒரு ஃபில்டர் வைத்தால் பாதித் தொல்லை போகும் என்பது அவருக்குத் தெரியும். வீறாப்பில் விட்டுவிட்டார்.

மே மாதத்து ஞாயிறு மதியம். மைக்கில் ஒகயாமா ஊர் நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “பக்கத்து வீட்டம்மா ஓட்டை டிவியை வச்சுக்கிட்டு என் உயிரை எடுக்குதுப்பா. புது டிவி வாங்க வக்கில்ல, பொண்ணுக்கு மட்டும் பெரிய இடத்து மாப்பிள்ளை கேக்குது!” இருவரும் சிரித்தார்கள்.

கால் மணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. பட்டுக் கிமோனோவில் அக்குட்சு அம்மா நின்றாள்.

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்திருக்காங்க. ஸ்டீரியோவுல இசைத்தட்டு போட்டிருந்தோம். நடுவுல உங்க குரல் வந்துச்சு. எல்லாரும் கேட்டோம்.” குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டாள்.

 அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது நுமாத்தாவுக்கு. அந்த வாரம் முழுக்கப் பின்சந்து வழியாகவே வேலைக்குப் போனார்.

சனிக்கிழமை, தன் செட்டுக்கு ஃபில்டரை மாட்டிவிட்டு, இனிப்புப் பெட்டியும் சாலிடர் கம்பியுமாக அந்த வீட்டுப் படியேறினார். மகள் மிஹோ கதவைத் திறந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. டிவிக்குப் பின்னால் ஒரு ஃபில்டர் வைத்தார். ஆண்டெனா மாதிரி நீண்டு கிடந்த ஸ்பீக்கர் ஒயர்களை வெட்டிக் குறைத்து, ஸ்டீரியோவுக்குள் ரேடியோ அலையைத் தடுக்கும் குட்டிக் கெபாசிட்டர்களைப் பற்றவைத்தார்.

“நான் போய் மைக்குல பேசிப் பாக்குறேன். ஸ்டீரியோவுல கேக்குதான்னு சொல்லுங்க.”

தன் அறையில் மைக்கைப் பிடித்தார். நேரில் வராத சொற்கள் அங்கே வந்தன. “அக்குட்சு அம்மா, நான் செஞ்சது ஈனத்தனம். மன்னிச்சிடுங்க.”

“ஒண்ணுமே கேக்கல!” என்று அடுத்த வீட்டு ஜன்னல் வழியாக அவள் குரல் வந்தது.

வேறு வழியில்லை. திரும்பப் போய், செருப்பு கழற்றும் இடத்திலேயே மண்டியிட்டு, அதையே அவள் முகத்துக்கு நேரே சொன்னார். பிறகு, “மாப்பிள்ளை வீட்டுல...?” என்று இழுத்தார்.

“இன்னும் பதில் வரல” என்றாள் அக்குட்சு அம்மா. “ஆனா நீங்க சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லையே. புதுசு வாங்க எங்களுக்கு வசதி இல்லதான்.”

நுமாத்தா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. மிஹோ ஒரு கோப்பைத் தேநீரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.